கணினிக் கேள்வி பதில்: மெயில் அறிவிப்பும் அதன் செட்டிங்ஸ் கோப்பும்

கும்பகோணத்தில் தட்டச்சு, கணினிப் பயிற்சி நிலையம் நடத்துகிறேன். எங்கள் கணினிகள் எல்லாவற்றிலும் லினக்ஸ் மின்ட் இயங்குதளம்தான். போன இதழில் மெயில்நேக் என்ற சிறு நிரலைப் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருந்தேன். பிரவுசரைத் திறந்து வைக்காமலே, மெயில் வந்தால் திரை ஓரத்தில் சொல்லும் நிரல் அது. அதைப் பற்றியும் அது போன்ற நிரல்களைப் பற்றியும் நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். இந்த இதழ் முழுக்க அதற்கே.

ஒரு விஷயம். கோப்பில் எழுத வேண்டிய சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் ஒலித்துத் தருகிறேன். கோப்பில் அவை ஆங்கிலச் சிற்றெழுத்தில் இருக்கும். இரண்டு சொல் அடுத்தடுத்து வந்தால் நடுவே அடிக்கோடு இருக்கும். நீங்களாக எதையும் புதிதாக அடிக்க வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் வரியைத் தேடிப் பிடித்து மதிப்பை மட்டும் மாற்றினால் போதும்.

அச்சக உரிமையாளர், சிவகாசி: ஆடிப் பதினெட்டில் காலண்டர் ஆல்பம் வெளியிட்ட பிறகு எங்களுக்கு மெயில் குவியும். மெயில்நேக் போட்டுப் பார்த்தேன். விளம்பர மெயிலுக்கெல்லாம் சத்தம் போடுகிறது. அந்த நெரிசலில் ஒரு வாடிக்கையாளர் 'ப்ரூஃப் ஓகே, அச்சடிக்கலாம்' என்று அனுப்பியது கண்ணில் படவே இல்லை. கோப்பையே திறந்து மாற்றலாமா? கெட்டுப் போய்விடுமா?

தாராளமாக மாற்றலாம் ஐயா. திறக்கும் முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள். ஏதாவது கெட்டால் நகலைத் திருப்பி வைத்துவிடலாம், அவ்வளவுதான்.

கோப்பு உங்கள் ஹோம் ஃபோல்டரில் இருக்கிறது. புள்ளியில் தொடங்கும் கான்ஃபிக் என்ற ஃபோல்டர், அதற்குள் மெயில்நேக், அதற்குள் மெயில்நேக் டாட் சிஎஃப்ஜி. புள்ளியில் தொடங்கும் பெயர்கள் லினக்ஸில் மறைந்தே இருக்கும். கோப்பு மேலாளரில் கன்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்தினால் வெளியே வரும். சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் திறக்கலாம்.

உள்ளே சதுர அடைப்புக்குள் தலைப்புகள் தெரியும். ஒவ்வொன்றின் கீழும் பெயர், சமக்குறி, மதிப்பு என்று வரிகள். கோர் என்ற தலைப்பின் கீழ் பொதுவான விஷயங்கள். அக்கவுன்ட்1, அக்கவுன்ட்2 என்பவை உங்கள் மெயில் கணக்குகள். மிச்சமெல்லாம் பிளகின்களுக்கானவை, அதாவது நிரலோடு ஒட்டிக்கொள்ளும் துணை நிரல்களுக்கானவை.

முதலில் சத்தத்தை நிறுத்துவோம். கோர் பகுதியில் எனேபிள்டு பிளகின்ஸ் என்ற வரியில் கமா போட்டுப் பிளகின் பெயர்கள் வரிசையாக இருக்கும். சவுண்ட்பிளகின் என்ற சொல்லையும் அதை ஒட்டிய கமாவையும் எடுத்துவிடுங்கள். லிப்நோட்டிஃபைபிளகின் இருக்கட்டும், திரையில் காட்டுவது அதுதான்.

இதோடு உங்கள் பிரச்சினை தீராது. எல்லா மெயிலும் சத்தமில்லாமல் வந்து குவியும், 'ப்ரூஃப் ஓகே' அப்போதும் அடியில்தான் கிடக்கும். அறிவிப்பு நிரலை அமைப்பதில் நான் முதலாவதாகப் பார்ப்பது, எந்த மெயில் நம்மைக் கூப்பிடலாம் என்பதைத்தான். வேலை செய்து கொண்டிருப்பவரைத் திரும்பிப் பார்க்க வைக்கிற உரிமை எல்லா மெயிலுக்கும் கிடையாது. கட்டிங் மெஷின் பக்கத்தில் நிற்கிறவருக்கு இது இன்னும் முக்கியம்.

மெயில்நேக்கிலேயே வேண்டாத மெயிலை ஒதுக்கும் ஒரு பிளகின் உண்டு. அனுப்புநர் பெயரிலோ தலைப்பிலோ நீங்கள் கொடுத்த சொல் இருந்தால் அந்த மெயிலை அது விட்டுவிடும். ஆனால் விளம்பரம் அனுப்புகிறவர்கள் நாளுக்கொரு சொல் கண்டுபிடிப்பார்கள். நீங்கள் பட்டியலை நீட்டிக்கொண்டே போக வேண்டும். அதனால் ஒதுக்க வேண்டியதைப் பட்டியலிடாமல், கூப்பிட வேண்டியதைப் பட்டியலிடுங்கள். அந்தப் பட்டியலும் ஜிமெயிலிலேயே இருக்கட்டும்.

ஜிமெயிலைப் பிரவுசரில் திறந்து, செட்டிங்ஸில் ஃபில்டர் பகுதிக்குப் போங்கள். உங்கள் வழக்கமான வாடிக்கையாளர்களின் முகவரிகளைக் கொடுங்கள். ப்ரூஃப் என்ற சொல் தலைப்பில் இருந்தாலும் பிடிக்கும்படி இன்னொரு ஃபில்டர் போடலாம். இரண்டுக்கும் ஒரே லேபிள். ஜிமெயிலின் லேபிள், வெளி நிரல்களுக்கு ஒரு ஃபோல்டராகத்தான் தெரியும். லேபிள் செட்டிங்ஸில் 'ஐமேப்பில் காட்டு' என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். (சர்வரில் இருக்கும் மெயிலை வெளி நிரல்கள் பார்க்கும் முறைதான் ஐமேப்.) பிறகு மெயில்நேக் கோப்பில் உங்கள் அக்கவுன்ட் பகுதியில் ஃபோல்டர் என்ற வரிக்கு அந்த லேபிளின் பெயரைக் கொடுங்கள். இனி அந்த லேபிளுக்குள் விழும் மெயில் மட்டும் உங்களைக் கூப்பிடும். மற்றவை இன்பாக்ஸில் காத்திருக்கட்டும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கலாம். ஆண்ட்ராய்டு போனில் ஜிமெயில் செயலியிலும் லேபிள் வாரியாக அறிவிப்பு வைக்க முடியும். ஒரே லேபிள் இரண்டு இடத்துக்கும் ஆயிற்று.

லேபிளுக்குத் தமிழில் பெயர் வைக்காதீர்கள். தமிழில் பெயர் வைக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசே இல்லை, ஆனாலும் இந்த ஓரிடத்தில் சொல்கிறேன். பழைய ஐமேப் விதிப்படி ஃபோல்டர் பெயர்கள் யுடிஎஃப்-7 என்ற குறிமுறையின் ஒரு திருத்திய வடிவத்தில்தான் போய்வரும். 'அவசரம்' என்று நீங்கள் வைத்த பெயர் மெயில் சர்வரில் ஆம்பர்சான்ட் குறியில் தொடங்கும் ஒரு புரியாத எழுத்துக் குவியலாக இருக்கும். கோப்பில் தமிழில் எழுதினால் நிரல் அதைத் தேடிக் காணாமல் திரும்பலாம். ஆங்கில எழுத்தில் 'அவசரம்' என்று அடித்து வைத்துவிடுங்கள், வேலை முடிந்தது.

இனி கோப்பைக் கையாளும்போது கவனிக்க வேண்டியது. வரியின் தொடக்கத்தில் எண் குறி, அதாவது ஹேஷ், போட்டு நமக்கான குறிப்பு எழுதலாம். 'இது ப்ரூஃபுக்கான லேபிள்' என்பது போல. ஆனால் மெயில்நேக்கின் செட்டிங்ஸ் சாளரத்தைத் திறந்து மூடினால், நிரல் கோப்பைப் புதிதாக எழுதிவிடும், குறிப்புகள் எல்லாம் போய்விடும். மெயில்நேக் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதியது. பைத்தானில் இந்த மாதிரிக் கோப்பை எழுதும் பகுதி குறிப்புகளைக் காப்பாற்றுவதில்லை. அதனால் குறிப்புகளோடு ஒரு பிரதியை வேறு ஃபோல்டரில் வைத்திருங்கள். எங்கள் நிலையத்தில் எல்லாக் கணினிக்கும் அப்படி ஒரு மூலப் பிரதி வைத்திருக்கிறேன். ஒரு கணினியை அழித்துப் புதிதாகப் போட்டாலும் அந்தப் பிரதியை எடுத்து வைத்தால் பழையபடி ஆகிவிடும். கோப்பாக இருப்பதில் எனக்குப் பிடித்ததே இதுதான். சாளரத்தில் எங்கெங்கோ டிக் போட்டதை ஒரு வருடம் கழித்து நினைவில் கொண்டுவர முடியாது. கோப்பு என்றால் திறந்து படித்துவிடலாம்.

அப்புறம், கோப்பை மாற்றும்போது செட்டிங்ஸ் சாளரம் திறந்திருக்கக் கூடாது. நீங்கள் ஒன்று எழுத, அது ஒன்று எழுதும். மாற்றிச் சேமித்ததும் மெயில்நேக்கை நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டும், ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குப் புது வரிகள் தெரியாது. முதல் முறை டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் சாளரத்தில், மெயில்நேக் என்று அடித்துத் தொடங்குங்கள். சர்வரோடு சேர முடிந்ததா, ஃபோல்டர் கிடைத்ததா என்பதை அங்கேயே எழுதிக் காட்டும்.

எஸ்டேட் அலுவலக எழுத்தர், வால்பாறை: இங்கே சிக்னல் வரும், போகும். போனின் ஹாட்ஸ்பாட்டில்தான் கணினி ஓடுகிறது. நிமிடத்துக்கு ஒருமுறை மெயில் பார்க்கும்படி வைக்கலாமா? டேட்டா தீருமா?

நிமிடத்துக்கு ஒன்று வேண்டாம். கோர் பகுதியில் போல் இன்டர்வெல் என்ற வரி இருக்கிறது. எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்பது அது. இயல்பாக 10 என்று இருக்கும். அதன்படி ஒரு நாளைக்கு 144 தடவை. நீங்கள் 1 என்று வைத்தால் 1,440 தடவை. ஒவ்வொரு முறையும் பாதுகாப்பான இணைப்பைப் புதிதாக ஏற்படுத்தி, பாஸ்வேர்டு கொடுத்து, கேட்டு, மூட வேண்டும். பெரும்பாலான தடவை 'புதிதாக ஒன்றும் இல்லை' என்ற பதிலுக்காக.

இதைவிட நல்ல வழி 1997-லேயே வந்துவிட்டது. ஐமேப் ஐடில் என்று பெயர். அந்த ஆண்டு ஆர்எஃப்சி 2177 என்ற இணைய விதி ஆவணத்தில் அதை வரையறுத்தார்கள். நிரல் ஒருமுறை சர்வரோடு இணைந்து, 'நான் இங்கேயே இருக்கிறேன், ஏதாவது வந்தால் சொல்' என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்கும். மெயில் வந்ததும் சர்வரே 'இப்போது இத்தனை மெயில் இருக்கிறது' என்று ஒரு வரி அனுப்பும். சில நொடிகளில் உங்கள் திரையில் தெரிந்துவிடும். அக்கவுன்ட் பகுதியில் ஐடில் என்ற வரிக்கு 1 கொடுத்தால் போதும்.

ஒரு இணைப்பு ஒரு ஃபோல்டரைத்தான் இப்படிக் காவல் காக்கும். பல ஃபோல்டர் வேண்டுமென்றால் பல இணைப்பு வேண்டும். ஜிமெயில் ஒரு கணக்குக்கு ஒரே நேரத்தில் 15 ஐமேப் இணைப்புகளைத்தான் விடும், அதில் உங்கள் போனில் வேறு மெயில் செயலி இருந்தால் அதுவும் சேர்த்தி. சிவகாசி நண்பருக்கு ஒரே லேபிள் என்று சொன்னதற்கு இதுவும் காரணம்.

உங்கள் மலைக்கு இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஐடில் இணைப்பில் பேச்சே இல்லாமல் இருப்பதால், நடுவில் அது அறுந்தால் இரண்டு பக்கமும் தெரியாமல் போகலாம். சர்வர் 30 நிமிடத்தில் இணைப்பை வெட்டிவிடலாம் என்பதால் 29 நிமிடத்துக்குள் ஒருமுறை புதுப்பிக்கச் சொல்கிறது அந்த ஆவணம். ஆனால் மொபைல் நெட்வொர்க்கும் வீட்டு ரவுட்டரும் அவ்வளவு நேரம் பொறுப்பதில்லை, பேசாத இணைப்பை முன்பே மறந்துவிடும். கோர் பகுதியில் ஐமேப் ஐடில் டைம்அவுட் என்ற வரி இதற்காகத்தான். அதுவும் நிமிடக் கணக்குதான். உங்களுக்கு நான் 5 என்று வைப்பேன். டேட்டா பெரிதாகச் செலவாகாது.

ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர், பாளையங்கோட்டை: எங்கள் ஆய்வகத்தில் யுனிக்ஸ் கணினித் திரையில் ஒரு தபால் பெட்டி இருக்கும். மெயில் வந்தால் அதன் கொடி உயரும். அது என்ன நிரல்?

எக்ஸ்பிஃப் ஐயா. உங்கள் கேள்வியைப் படித்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. யுனிக்ஸில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ் விண்டோவோடு வந்த நிரல் அது. இயல்பாக 30 நொடிக்கு ஒருமுறை மெயில் கோப்பு வளர்ந்திருக்கிறதா என்று பார்க்கும். அதற்கும் முன்னால் 1980-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பிஎஸ்டி யுனிக்ஸில் பிஃப் என்ற நிரல் இருந்தது. ஹைடி ஸ்டெட்னர் என்பவரின் நாயின் பெயர் அதற்கு. எழுதியவர் ஜான் ஃபொடராரோ. 'பிஃப் ஒய்' என்று அடித்தால் அறிவிக்கும், 'பிஃப் என்' என்றால் பேசாமல் இருக்கும். தினமும் அடிக்க வேண்டாம் என்று அந்த வரியை லாகின் கோப்பில் எழுதி வைப்பார்கள். எக்ஸ்பிஃப் எத்தனை நொடிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், எவ்வளவு சத்தம் போட வேண்டும் என்பதையும் ஹோம் ஃபோல்டரில் ஒரு கோப்பில்தான் எழுதினார்கள். இப்போதைய லினக்ஸிலும் எக்ஸ்பிஃப் கிடைக்கும். ஆனால் அது உள்ளூர் மெயில் கோப்பைப் பார்க்கும் நிரல். ஜிமெயிலைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் வேறொரு நிரல் மெயிலைக் கணினிக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர், தஞ்சாவூர்: என் அண்ணன் மகன் பைத்தானில் ஒரு சின்ன அறிவிப்பு நிரல் எழுதிக் கொடுத்தான். ஆங்கிலத் தலைப்பு சரியாக வருகிறது. தமிழ்த் தலைப்பு மட்டும் சமக்குறி, கேள்விக்குறி, யுடிஎஃப்-8, மறுபடி கேள்விக்குறி, பி என்று தொடங்கி ஏதேதோ எழுத்துகளாக வருகிறது. செட்டிங்ஸில் மாற்ற முடியுமா? இன்னொன்று, அறிவிப்பு வந்த மெயிலெல்லாம் படித்தவையாக மாறிவிடுகின்றன.

அம்மா, இரண்டுமே செட்டிங்ஸில் தீராது, நிரலில் இரண்டொரு வரி மாற்ற வேண்டும். இந்தப் பக்கத்தை உங்கள் அண்ணன் மகனிடம் காட்டுங்கள்.

மெயிலின் தலைப்பு வரிகள் ஆங்கில எழுத்து மட்டுமே செல்லும் காலத்தில் உருவானவை. வேறு மொழிகளுக்காக ஒரு வழி செய்து, 1996-ல் ஆர்எஃப்சி 2047 என்று வெளியிட்டார்கள். நீங்கள் பார்த்த அந்தத் தொடக்கம் 'இனி வருவது யுடிஎஃப்-8, பேஸ்64 முறையில் மடித்தது' என்று சொல்லும் முத்திரை. யுடிஎஃப்-8 என்பது எழுத்துகளைப் பைட்டாக வைக்கும் குறிமுறை, பேஸ்64 என்பது அந்தப் பைட்டுகளை ஆங்கில எழுத்தும் எண்ணுமாக எழுதும் முறை. விரித்துக் காட்ட வேண்டியது நிரலின் வேலை. அதைத்தான் அவர் விட்டிருக்கிறார்.

தமிழுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. 'தமிழ்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யுனிகோடில் 5 குறிகள். ஒவ்வொன்றும் 3 பைட். ஆக 15 பைட். பேஸ்64-ல் அது 20 எழுத்து ஆகிறது. விதிப்படி மடித்த ஒரு துண்டு, முத்திரையையும் சேர்த்து, 75 எழுத்தைத் தாண்டக் கூடாது. கணக்குப் போட்டால் ஒரு துண்டில் 15 தமிழ்க் குறிகளுக்கு மேல் அடங்காது. அதனால் கொஞ்சம் நீளமான தமிழ்த் தலைப்பு எப்போதும் பல துண்டுகளாகத்தான் வரும். எழுத்தின் நடுவில் வெட்டக் கூடாது என்று விதி இருந்தும், சில நிரல்கள் 3 பைட்டின் நடுவே வெட்டி அனுப்புகின்றன. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே தமிழாக்கினால் வெட்டுப்பட்ட இடத்தில் கேள்விக்குறி வைத்த கட்டம் வரும். துண்டுகளை முதலில் பைட்டாக விரித்து, ஒட்டி, கடைசியில் ஒரே தடவையாகத் தமிழாக்கச் சொல்லுங்கள். பைத்தானின் ஈமெயில் தொகுப்பில் ஹெடர் என்ற பகுதி இருக்கிறது. விரிக்கும் வேலையை அதில் உள்ள டிகோடு ஹெடர் செய்யும்.

தமிழில் பெயர் எழுதி, தமிழில் தலைப்பு எழுதி மெயில் அனுப்பும் ஒருவருக்கு அது குப்பையாகத் தெரிவதை என்னால் ஏற்க முடியாது. ஆங்கிலத்திலேயே தலைப்பு எழுதுங்கள் என்று யாராவது உங்களுக்கு யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

இரண்டாவது பிரச்சினை: நிரல் மெயிலைக் கேட்கும்போது பாடி என்று கேட்டால் சர்வர் அதைப் படித்ததாகக் குறித்துவிடும். பாடி பீக் என்று கேட்டால் குறிக்காது. ஃபோல்டரைத் திறக்கும்போதே 'ரீட்ஒன்லி' என்று திறந்துவிட்டால் இன்னும் நல்லது, எதையும் மாற்ற முடியாது. அறிவிப்பு நிரலுக்கு மாற்றும் வேலையே இல்லை.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், திருச்சி: மெயில்நேக்கில் ஜிமெயில் பாஸ்வேர்டு கொடுத்தால் ஏற்க மாட்டேன் என்கிறது. சரியான பாஸ்வேர்டுதான். அப்புறம், கோப்பில் பாஸ்வேர்டு அப்படியே தெரிகிறதே, பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன் தம்பி. அதை முதலில் சரி செய்வோம்.

2022 மே 30 முதல் ஜிமெயில் தனிநபர் கணக்குகளில் வெறும் பாஸ்வேர்டோடு வரும் வெளி நிரல்களை விடுவதில்லை. கூகுள் கணக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டு, வெளி நிரலுக்கென்றே தனியாகக் கொடுக்கும் 'ஆப் பாஸ்வேர்டு' ஒன்று உருவாக்குங்கள். 16 எழுத்து, நான்கு நான்காகப் பிரித்துக் காட்டும். இடைவெளி இல்லாமல் அதை மெயில்நேக்கில் கொடுங்கள். (அவுட்லுக், ஹாட்மெயில் தனிநபர் கணக்குகளில் 2024 செப்டம்பர் 16 முதல் வெறும் பாஸ்வேர்டு வழி மூடிவிட்டது.)

இப்போது கோப்பு. கணினியில் சாவிக்கொத்து நிரல், அதாவது கீரிங், இருந்தால் மெயில்நேக் பாஸ்வேர்டை அதில் பூட்டி வைக்கும். இல்லாவிட்டால் கோப்பிலேயே எழுதிவிடும். உங்களுக்குத் தெரிகிறது என்றால் கீரிங் இல்லை என்று அர்த்தம். லிப்சீக்ரெட், க்னோம் கீரிங் இரண்டையும் நிறுவி, கணக்கைச் செட்டிங்ஸ் சாளரத்தில் நீக்கி மறுபடி சேர்த்துவிடுங்கள். கோப்பைத் திறந்து பாஸ்வேர்டு வரி காலியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். பழைய நகல் எடுத்து வைத்திருந்தால் அதிலும் அழிக்க வேண்டும். பெரும்பாலும் இதைத்தான் மறக்கிறார்கள்.

எப்படியானாலும் கோப்புக்கு 600 அனுமதி கொடுங்கள், கோப்புக்கு உரியவர் மட்டும் படிக்கவும் எழுதவும் முடியும் என்பது அது. டெர்மினலில் சிஎச்மாட் 600, பிறகு கோப்பின் பெயர். அதே கணினியில் வேறு பெயரில் நுழைகிறவர் அதைப் படிக்க முடியாது. ஆனால் மடிக்கணினியை ரிப்பேருக்குக் கொடுத்தால், ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டுகிறவருக்கு இந்த அனுமதி ஒரு தடையே அல்ல. கொடுக்கும் முன் கூகுள் கணக்கில் போய் அந்த ஆப் பாஸ்வேர்டை நீக்கிவிடுங்கள். திரும்பி வந்ததும் புதிதாக ஒன்று. உங்கள் உண்மையான பாஸ்வேர்டு எதிலும் மாட்டவில்லை என்பதுதான் இந்த ஏற்பாட்டின் பலன். ஹால் டிக்கெட்டும் கலந்தாய்வு அழைப்பும் வருகிற மெயில் கணக்கு, அதைக் கண்ணாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனை வரவேற்புப் பணியாளர், ஈரோடு: எங்கள் மேசைத் திரை வரிசையில் நிற்பவர்களுக்கும் தெரியும். லேப் ரிப்போர்ட் மெயில் வந்தால் நோயாளி பெயரோடு அறிவிப்பு மேலே வந்து நிற்கிறது. என்ன செய்யலாம்?

இன்றைக்கே மாற்றுங்கள். ஒருவருடைய பரிசோதனையின் பெயர் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியவே கூடாது.

மெயில்நேக்கின் செட்டிங்ஸ் சாளரத்தில் பிளகின் பக்கத்தில் லிப்நோட்டிஃபை பிளகினைத் தேர்ந்தெடுத்தால் அறிவிப்பின் விதத்தைக் கேட்கும். அதில் புதிய மெயில்களின் எண்ணிக்கையை மட்டும் காட்டும் விதத்தை எடுங்கள். 'புதிய மெயில் 2' என்பது போல வரும், பெயரும் தலைப்பும் வராது. மேசைக்கு இது போதும். விவரம் வேண்டுமென்றால் நீங்கள் மெயிலைத் திறந்து பார்க்கப் போகிறீர்கள்.

மாற்றிய பிறகு உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பி, வரிசையில் நிற்பவர் நிற்கும் இடத்தில் நின்று திரையைப் பாருங்கள். திரை பூட்டியிருக்கும்போது அறிவிப்பு காட்டக் கூடாது என்பது மெயில்நேக்கில் இல்லை, உங்கள் டெஸ்க்டாப்பின் அறிவிப்பு செட்டிங்ஸில் இருக்கிறது. அதையும் பாருங்கள். அடுத்த ஷிஃப்டில் உட்காருபவர் தன் பெயரில் நுழைந்தால் அவருக்கு வேறு செட்டிங்ஸ் கோப்பு இருக்கும். அவருடையதையும் மாற்ற வேண்டும்.